பூட்டிக் கெடக்குற பக்கத்து வீட்ட என்ன பண்றது? எட்டு மாசம் அலைஞ்சவன் சொல்றேன்

எங்க கிச்சன் ஜன்னலத் திறந்தா பக்கத்து வீட்டுக் கொல்லைதான் தெரியும். அந்த வீட்டுப் பெரியவரும் அம்மாவும் அடுத்தடுத்து போய்ச் சேந்தப்புறம் பூட்டுன வீடு, ஹால்ல தொங்குற தினசரி காலண்டர் இன்னும் 2018 தை மாசத்துலயே நிக்குது, ஜன்னல் கண்ணாடி உடைஞ்சிருக்குறதால ரோட்டுல இருந்தே தெரியும். சம்ப் மூடிய எவனோ திருடிட்டான், மொட்டைமாடி டேங்குக்கும் மூடி இல்ல, கொல்லை பூரா ஆளுயரத்துக்கு பார்த்தீனியமும் சீமைக்கருவேலமும், இதுல போறவன் வர்றவன் எல்லாம் கேரிபேக்ல கட்டி காம்பவுண்டுக்கு மேல வீசுற குப்பை வேற. 2024 ஐப்பசி மழையில எங்க பொண்ணுக்கு டெங்கு வந்து அஞ்சு நாள் ஆஸ்பத்திரியில கெடந்தா, அப்புறம்தான் எனக்குச் சுரணை வந்து அலைய ஆரம்பிச்சேன்.

எட்டு மாசம் ஆச்சு. அதுல மொத மூணு மாசம் சுத்த வேஸ்ட், ஏன்னா "பக்கத்து வீடு ரொம்ப அசுத்தமா இருக்கு, தக்க நடவடிக்கை எடுக்கவும்"னு ஒரே மனுவ நாலு ஆபீஸுக்கு குடுத்துட்டு உக்காந்திருந்தேன். அசுத்தத்துக்குன்னு எந்த ஆபீஸ்லயும் ஒரு மேஜை கிடையாதுங்க. கொசுப்புழுவுக்கு மேஜை உண்டு, சாயுற சுவருக்கு மேஜை உண்டு, தொங்குற கரண்ட் வயருக்கு உண்டு. இது புரிஞ்ச அன்னைக்குத்தான் வேலையே நகர ஆரம்பிச்சுது. நீங்க அந்த மூணு மாசத்த மிச்சம் பண்ணிக்கோங்க. நான் எழுதுறது தமிழ்நாட்டு நடைமுறை, வேற மாநிலம்னா ஆபீஸ் பேரெல்லாம் மாறும்.

1. மொதல்ல உள்ள குதிக்காதீங்க

எல்லாரும் பண்ற மொத தப்பு இதுதான். என் மச்சான் பையன் நல்ல எண்ணத்துலதான் செவுரேறிக் குதிச்சு சம்புல பிளீச்சிங் பவுடர் கொட்டிட்டு வந்தான். ரெண்டு மாசம் கழிச்சு அந்த வீட்டுக்காரங்களோட உறவுக்காரர் ஒருத்தர் வந்து "மோட்டார் எங்க? உங்க வீட்டு பையன் ஏறிக் குதிச்சத தெருவுல பாத்திருக்காங்க"ன்னு ஆரம்பிச்சாரு. மோட்டார் காணாமப் போயி நாலு வருஷம் ஆச்சுன்னு தெருவுக்கே தெரியும், ஆனா அவருக்கு யாரு சொல்றது. பூட்டுன வீடா இருந்தாலும் அடுத்தவன் இடம்தான், அத்துமீறல்னு பாரதிய நியாய சன்ஹிதா 329-ல கேஸ் குடுக்க முடியும். அதுவுமில்லாம பிளீச்சிங் பவுடர நம்பி கொசுப்புழுவ ஒழிக்க முடியாது.

இன்னும் மூணு விஷயம் செய்யவே கூடாது. புதருக்கு தீ வைக்காதீங்க, நம்ம வீட்டு ஏசி அவுட்டோரோட சேத்து போயிரும். கிணத்துல வேஸ்ட் ஆயில் ஊத்தாதீங்க, அது உங்க போர் தண்ணியிலயும் வந்து நிக்கும். எலி மருந்து உருண்டைய மதிலுக்கு மேல தூக்கிப் போடாதீங்க, எலி செத்து நாறுறது உங்க வீட்டுக்குத்தான் வரும், தெரு நாயும் சாகும்.

அதுக்கு பதிலா ஃபோன எடுங்க. தேதி, நேரம், லொக்கேஷன் படத்துலயே பதியுற ஜிபிஎஸ் கேமரா ஆப் இலவசமாவே கிடைக்குது. உங்க மாடியில இருந்து, ரோட்டுல இருந்து, ரெண்டு இடத்துலயும் நின்னு, ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம ஒரே கோணத்துல எடுங்க. என்னோட பதினாலு வார போட்டோவ வரிசையா அடுக்கினப்போ சுவர் விரிசல் விரலளவுல இருந்து கை நுழையுற அளவுக்கு போனது பளிச்சுனு தெரிஞ்சுது. நான் வாயால சொன்ன எதையும் விட ஆபீஸ்ல அதுதான் வேலை செஞ்சுது.

2. ஓனர் யாருன்னு கண்டுபிடிங்க

மொதல்ல பீரோவுல இருந்து உங்க வீட்டுப் பத்திரத்த எடுங்க. அதுல செக்குபந்தின்னு நாலு எல்லை எழுதியிருக்கும், "இன்னார் வீட்டுக்கு மேற்கே"ன்னு. அந்த இன்னார்தான் உங்களுக்கு மொத க்ளூ. நான் வெளிய எங்கெங்கயோ விசாரிச்சிட்டிருந்தேன், பேரு என் வீட்டு பீரோவுக்குள்ளயே இருந்துச்சு.

அடுத்து பட்டா. அரசோட ஈ-சர்வீசஸ் தளத்துல பட்டா, அ-பதிவேடு, நகரப்பகுதின்னா டவுன் சர்வே பதிவேடு எல்லாம் காசில்லாம பாக்கலாம். நகரத்துல வார்டு, பிளாக், டி.எஸ். நம்பர் கேக்கும், உங்க சொந்தப் பட்டாவுல இருக்குற வார்டு பிளாக்கையே போட்டு பக்கத்து நம்பர்கள ஒண்ணொண்ணா தட்டிப் பாருங்க, பெரும்பாலும் ரெண்டு மூணு முயற்சியில மாட்டும். அதுக்கப்புறம் பதிவுத்துறை தளத்துல வில்லங்கம். சும்மா பாக்குறதுக்கு பணம் இல்ல, சர்வே நம்பர் போட்டா போதும். வீட்ட வித்திருக்காங்களா, பேங்குல அடமானம் இருக்கா, பிள்ளைங்களுக்கு செட்டில்மெண்ட் எழுதியிருக்காங்களா, எல்லாம் வரும். பழைய சர்வே நம்பரும் டவுன் சர்வே நம்பரும் வேற வேற, ஒண்ணப் போட்டு "பதிவு இல்லை"ன்னு வந்தா இன்னொண்ணையும் போட்டுப் பாருங்க, நான் இதுல ஒரு வாரம் ஏமாந்தேன்.

பட்டாவுல செத்துப்போனவர் பேரேதான் இருக்கும், வாரிசுங்க மாத்தியிருக்க மாட்டாங்க. அதனால காகிதத்துல பேரு கெடைக்கும், ஆளு கெடைக்காது. ஆளு வேணும்னா இஸ்திரிக்காரர், பழைய பால்காரர், தெருமுனை கோயில் குருக்கள், அப்புறம் ஏரியா வீட்டு புரோக்கர். எனக்கு கோயமுத்தூர்ல இருக்குற ரெண்டாவது மகனோட நம்பரக் குடுத்தது இஸ்திரிக்காரர்தான், "அந்தம்மா திவசத்துக்கு மொத்தமா வேட்டி தேய்க்க குடுத்தாங்கய்யா, அப்ப வாங்கி வச்ச நம்பர்"னாரு. அ-பதிவேட்டுல இது கெடைக்குமா!

கேட்டுல பேங்க் நோட்டீஸ் ஒட்டியிருக்கான்னும் பாத்துருங்க. கடன் கட்டாத வீட்ட பேங்க் எடுத்துக்கிட்டா சுவாதீன அறிவிப்புன்னு ஒண்ணு ஒட்டுவாங்க, கீழ அதிகாரமளிக்கப்பட்ட அலுவலர்னு ஒருத்தர் கையெழுத்து இருக்கும், அப்ப நீங்க பேசவேண்டிய ஆளு அவர்தான். பேங்க்காரங்களுக்கு ஏலம் போகணும், குப்பைமேட்ட யாரும் ஏலம் கேக்க மாட்டாங்க, அதனால ஓரளவு சீக்கிரமே அசைவாங்க.

3. ஃபோன்ல பேசறப்போ

கோவம் வரும், அடக்கிக்கோங்க. "உங்க வீட்டால எங்களுக்கு டெங்கு"ன்னு ஆரம்பிச்சா அந்தப் பக்கம் நம்பர் பிளாக் ஆயிடும். நான் கொஞ்சம் ஏமாத்தலா ஆரம்பிச்சேன்: "அண்ணே, நான் பக்கத்து வீடு பேசறேன், அப்பா நட்ட மாமரம் காய்ச்சிருக்கு, ஆனா சுவர் சாயுற மாதிரி இருக்குண்ணே, விழுந்தா யாரு தலையில விழும்னு தெரியல, கேஸுன்னு வந்தா உங்க பேருக்குத்தான் வரும்". சுவர் விழுந்தா பொறுப்பு தன் தலையிலன்னு ஒரு ஓனருக்கு உறைச்ச மாதிரி கொசு உறைக்காதுங்க.

வெளியூர், வெளிநாட்டு ஓனருக்கு உள்ளுக்குள்ள ஒரு பயம் இருக்கும், அத வெளிய சொல்ல மாட்டாங்க. நீங்க உள்ள வந்து சுத்தம் பண்ண ஆரம்பிச்சா நாளைக்கு இடத்த ஆட்டயப் போட்டுருவீங்களோன்னு. 12 வருஷம் அனுபவிச்சா சொந்தம்னு யாரோ சொன்னத அரைகுறையா கேட்டு வச்சிருப்பாங்க. அதனால நீங்களே முந்திக்கிட்டு வாட்ஸப்ல எழுதிருங்க: "சுத்தம் செய்ய மட்டும் உங்க அனுமதி கேக்குறேன், இடத்து மேல எனக்கோ என் குடும்பத்துக்கோ எந்த உரிமையும் கிடையாது, செலவு பில் அனுப்புறேன், முன்னாடி பின்னாடி வீடியோ அனுப்புறேன்". அவங்க "ஓகே"ன்னு ஒரு வார்த்தை டைப் பண்ணாக்கூட ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சுக்கோங்க. வாரிசுங்க மூணு பேர்னா மூணு பேருக்கும் அனுப்புங்க, ஒருத்தர் மட்டும் சரின்னு சொன்னத நம்பி ஆள் விட்டா இன்னொருத்தர் "யாரக் கேட்டு எங்க வீட்டுக்குள்ள"ன்னு வருவாரு. எங்க கேஸ்ல அண்ணன் தம்பிக்குள்ள பாகப்பிரிவினை தகராறு, மூத்தவர் அமெரிக்கா, கடைசி தங்கச்சி ஃபோனே எடுக்கல. ரெண்டாமவர் "நான் பாத்துக்கறேன் தம்பி"ன்னு சொல்லியே ரெண்டு மாசத்த ஓட்டிட்டாரு.

வாய்ப்பேச்சுக்கு 15 நாள் டைம் குடுங்க, போதும். அதுக்கு மேல போனா லெட்டர்.

4. லெட்டர்

வக்கீல் நோட்டீஸ் இப்பவே வேண்டாம். நீங்களே ஒரு பக்கத்துல எழுதுங்க. வீட்டு கதவு எண், சர்வே நம்பர், என்னென்ன ஆபத்து, போட்டோ நாலு, "இந்தக் கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள்", கடைசியா "தவறினால் நகராட்சியிடமும் கோட்டாட்சியரிடமும் மனு செய்ய நேரிடும்". அவ்ளோதான். திட்டு, சாபம், குடும்பக் கதை எதுவும் வேண்டாம், ஏன்னா இந்த லெட்டர் பின்னாடி நாலு அதிகாரி கைக்கு போகப்போகுது.

பதிவுத் தபால 2025-ல ஸ்பீட் போஸ்ட்டோட சேத்துட்டாங்க, கவுண்டர்ல போயி "ரிஜிஸ்டர்ட் வித் ஏ.டி."ன்னு பழக்கதோஷத்துல கேட்டா குழப்பம் ஆகும். ஸ்பீட் போஸ்ட்ல பதிவு வசதியோட, டெலிவரி ஆனதுக்கு அத்தாட்சியோட வேணும்னு தெளிவா சொல்லுங்க. ஆள் வாங்க மறுத்து திரும்பி வந்தா கவர பிரிக்காதீங்க! எங்க அப்பா ஆர்வத்துல ஒண்ண பிரிச்சுட்டாரு. திரும்பி வந்த கவர் அப்படியே சீலோட இருந்தாத்தான் அனுப்புனதுக்கு சாட்சி.

5. ஒரு மனு, ஒரு பிரச்சனை

இதுதான் முக்கியமான பகுதி, நிதானமா படிங்க.

கொசு: இதுக்கு உங்க மாநகராட்சி அல்லது நகராட்சியோட பொது சுகாதாரப் பிரிவு. நேர்ல போனா சுகாதார ஆய்வாளரக் கேளுங்க, அவருக்கு மேல நகர்நல அலுவலர். கிராம ஊராட்சின்னா ஊராட்சி செயலர், அவர் அசையலன்னா பிடிஓ, அதாவது வட்டார வளர்ச்சி அலுவலர். சென்னைக்காரங்களுக்கு 1913, மத்த எல்லாருக்கும் முதல்வர் உதவி மையம் 1100. மனுவுல "கொசுத்தொல்லை"ன்னு எழுதாதீங்க, அத படிச்சா சாயங்காலம் புகை மிஷின் வண்டிய ஒருதடவ தெருவுல விட்டுட்டு மனுவ முடிச்சிருவாங்க. டெங்கு கொசு நல்ல தண்ணியில முட்ட போடுற கொசு, பகல்ல கடிக்குற கொசு, முட்டையில இருந்து கொசுவாகறதுக்கு ஒரு வாரம் பத்து நாள் போதும், புகை அடிச்சா பறக்குறதுதான் சாகும், புழு தண்ணியில ஜம்முனு இருக்கும். அதனால "திறந்த நிலத்தடித் தொட்டியிலும் மேல்நிலைத் தொட்டியிலும் ஏடிஸ் கொசுப்புழு உற்பத்தி, புழு ஒழிப்புப் பணி கோருதல்"னு பொருள் வரியிலயே எழுதுங்க. நான் மூணாவது மனுவுல இப்படி எழுதினேன், நாலாம் நாள் டார்ச்சும் கரண்டியுமா ஒரு அம்மா வந்தாங்க. வீடு வீடா போயி கொசுப்புழு பாக்குற பணியாளர். எங்க மாடியில இருந்து எங்க வீட்டு கம்புல அவங்க கரண்டியக் கட்டி, பக்கத்து வீட்டு சன்ஷேடுல தேங்கியிருந்த தண்ணிய மோந்து வெள்ளைக் கிண்ணத்துல ஊத்துனாங்க. டார்ச் அடிச்சதும் கமா கமாவா நெளியுது, ஒரு கரண்டித் தண்ணியில இருபதுக்கு மேல. அத அவங்க முன்னாடியே வீடியோ எடுத்தேன், கிண்ணத்துக்குப் பின்னாடி அந்த வீடு தெரியுற மாதிரி. அடுத்து போன எல்லா ஆபீஸ்லயும் மொதல்ல காட்டுனது அந்த வீடியோவத்தான்.

வீட்ல யாருக்காவது டெங்கு உறுதியாச்சுன்னா லேப் ரிப்போர்ட்ட கண்டிப்பா மனுவோட வைங்க. டெங்கு அரசுக்குத் தெரிவிக்கவேண்டிய நோய், ஒரு கேஸ் பதிவாச்சுன்னா சுத்தியிருக்குற வீடெல்லாம் செக் பண்ண டீம் வரணும். எங்க ஆஸ்பத்திரியில டிஸ்சார்ஜ் பேப்பர்ல "வைரல் ஃபீவர்"னு மட்டும் போட்டிருந்தாங்க, ரிப்போர்ட் ஜெராக்ஸ் தனியா கேட்டு வாங்க வேண்டியதாயிடுச்சு. கிணறு இருந்தா கொசுப்புழுவத் தின்னுற கம்பூசியா மீன் விடச் சொல்லி கேளுங்க, அதுக்கு நமக்கு காசு கிடையாது.

சுவர், கூரை: இது பொறியியல், நகரமைப்புப் பிரிவு. "சிதிலமடைந்து இடிந்து விழும் நிலையில் உள்ள கட்டடம்"ங்குற வார்த்தைங்க மனுவுல இருக்கணும். ஓனருக்கு நோட்டீஸ் விட்டு இடிக்கச் சொல்ல உள்ளாட்சிக்கு அதிகாரம் உண்டு, இப்ப இதெல்லாம் 1998-ம் வருஷ தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டத்துக்குக் கீழ வருது, அதோட விதிகள் 2023 ஏப்ரல்லதான் நடைமுறைக்கு வந்துச்சு. யாராவது கிளார்க் பழைய சட்டத்தப் பேசினா இத மெதுவா ஞாபகப்படுத்துங்க.

கரண்ட்: வயர் தொங்குது, மீட்டர் பாக்ஸ் திறந்து கெடக்குன்னா மின்வாரியத்தோட புகார் மையம் மின்னகம், 94987 94987. எனக்கு எல்லாத்துலயும் சீக்கிரமா முடிஞ்சது இதுதான், மறுநாளே வந்து சர்வீஸ் வயரக் கழட்டிட்டாங்க. கம்பத்து நம்பர் சொன்னா இன்னும் வேகம்.

பாம்பு: மனுவெல்லாம் எழுதிட்டு இருக்காதீங்க, தீயணைப்புக்கு 101 இல்ல 112. பணம் கிடையாது. வர்றவரைக்கும் ஒரு ஆள் தூரத்துல நின்னு அது எங்க போகுதுன்னு கண்ணெடுக்காம பாத்துட்டே இருக்கணும், அடிக்கக் கூடாது. எங்களுக்கு வந்தது சாரை, ஆனா அது வர்றதே எலிக்காகத்தான், எலி வர்றது குப்பைக்காக.

குப்பை: இது தெருவோட தப்பும் சேந்தது, சொல்ல வெக்கமா இருந்தாலும். ஓனர் போடல, நாமதான் போட்டோம். தூய்மைப் பணி மேற்பார்வையாளர்கிட்ட பேசி வெளிப்பக்கம் ஒருதடவ அள்ளிட்டு, மதில் மேல பச்சை ஷேட் நெட் கட்டினேன், 600 ரூபா. பாதி நின்னுபோச்சு.

மனு குடுக்கற முறை: நேர்ல குடுத்தா தபால் பிரிவுல குடுத்து உங்க காப்பியில ரவுண்ட் சீலும் தேதியும் வாங்கணும். அதிகாரி சிரிச்சுக்கிட்டே கையில வாங்கி டிராயர்ல வச்சா அது மனுவே இல்ல. கலெக்டர் ஆபீஸ்ல திங்கக்கெழம குறைதீர்க்கும் கூட்டம், பத்து மணிக்கு முன்னாடியே போயிருங்க, பதிவு நம்பர் குடுப்பாங்க. ஒரு பழைய நோட்டுல தேதி, யார்கிட்ட, மனு நம்பர், என்ன பதில்னு நாலு கோடு போட்டு எழுதி வைங்க.

எப்போ குடுக்கறதுங்குறதும் இருக்கு. ஆனி, ஆடியில குடுத்தா நல்லா கவனிப்பாங்க, மழைக்கு முன்னேற்பாடுன்னு மேல இருந்து அவங்களுக்கே பிரஷர் இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில ஊரு பூரா தண்ணி நிக்கும், உங்க சம்ப யாரு பாப்பா.

6. "நடவடிக்கை எடுக்கப்பட்டது"ன்னு மெசேஜ் வந்தா

வரும். எனக்கு ரெண்டு தடவ வந்துச்சு, ஒரு புல்லு கூட அசையல. மெசேஜ் வந்த அன்னைக்கே ஜிபிஎஸ் போட்டோ எடுத்து, பழைய மனு நம்பரக் குறிப்பிட்டு புது மனு போடுங்க, "களத்தில் எந்தப் பணியும் நடைபெறவில்லை, இன்றைய தேதியிட்ட படம் இணைப்பு"ன்னு.

அதோட ஒரு ஆர்டிஐ, அதாவது தகவல் அறியும் உரிமைச் சட்ட மனு. பத்து ரூபா, கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி தபால்ல அனுப்பலாம், ஆன்லைன்லயும் போடலாம். 30 நாள்ல பதில் வரணும், வரலன்னா அடுத்த 30 நாளுக்குள்ள மொத மேல்முறையீடு. ஆர்டிஐயில ஓனரோட அட்ரஸ், ஃபோன் நம்பர் கேக்காதீங்க, தனிப்பட்ட தகவல்னு தள்ளிருவாங்க, உங்க ஒரு மாசம் போச்சு. "ஏன் நடவடிக்கை எடுக்கல"ன்னும் கேக்காதீங்க, ஏன்ங்குறது தகவல் இல்லன்னு பதில் வரும். இப்படிக் கேளுங்க: எனது இன்ன தேதியிட்ட மனு மீது கள ஆய்வு செய்த அலுவலரின் பதவி, ஆய்வு செய்த தேதி, ஆய்வு அறிக்கையின் நகல், உரிமையாளருக்கு அனுப்பப்பட்ட அறிவிப்பின் நகல். நாலே கேள்வி. எனக்கு பதில் வர்றதுக்கு முன்னாடியே, 22-ம் நாள், ஒருத்தர் பைக்ல வந்து வீட்டு முன்னாடி நின்னு போட்டோ எடுத்துட்டு, கேட்டுல நோட்டீஸும் ஒட்டிட்டுப் போனாரு.

7. கோட்டாட்சியர்கிட்ட 152 மனு

நோட்டீஸ் ஒட்டியும் ஓனர் அசையலன்னா அடுத்த படி ஆர்டிஓ ஆபீஸ் (லைசென்ஸ் குடுக்குற ஆர்டிஓ இல்ல, வருவாய் கோட்டாட்சியர்), இல்ல சப்-கலெக்டர் ஆபீஸ். முன்னாடி குற்றவியல் நடைமுறைச் சட்டம், அதாவது சிஆர்பிசி 133-ன்னு இருந்தது, 2024 ஜூலை 1-ல இருந்து பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 152. விழுற மாதிரி இருக்குற கட்டடம், மரம், வேலி இல்லாத கிணறு, பொதுவுக்கு கேடான பொருள் இதையெல்லாம் நீக்கச் சொல்லி நிபந்தனை உத்தரவு போட முடியும். ஓனர் ஒண்ணு செஞ்சு முடிக்கணும், இல்ல நேர்ல வந்து ஆட்சேபணை சொல்லணும். ரெண்டும் பண்ணலன்னா ஆபீஸே செஞ்சுட்டு செலவ அந்த ஆள்கிட்ட வசூல் பண்ண வழி இருக்கு.

இதுல ரெண்டு பள்ளம். நீங்க ஒருத்தர் மட்டும் கையெழுத்து போட்டா "இது ரெண்டு வீட்டுக்காரங்க தகராறு, சிவில் கோர்ட்டுக்கு போங்க"ன்னு அனுப்பிருவாங்க. தெருவுல பத்து வீடாவது கையெழுத்து போடணும், கதவு எண்ணோட. நான் ஞாயித்துக்கெழம காலையில பேப்பரோட போயி பதினாறு வாங்குனேன், "நமக்கெதுக்குப்பா வம்பு"ன்னு சொன்னவங்க மூணு பேரு, அதுல ஒருத்தர் வீட்டு கேரிபேக்க நானே அந்த மதிலுக்கு மேல பறந்து பாத்திருக்கேன். ரெண்டாவது, "பத்து வருஷமா இருக்கு"ன்னு பெருமையா எழுதாதீங்க, பத்து வருஷம் பொறுத்தது இப்ப என்ன அவசரம்னு கேப்பாங்க. இந்த மழையில சுவர் விரிசல் விட்டது, இந்த மாசம் கொசுப்புழு கண்டது, ரோட்டுல ஸ்கூல் பிள்ளைங்க போற நேரம், அத எழுதுங்க.

மனுவோட வைக்கவேண்டியது: தேதி வாரியா போட்டோ, லெட்டரோட அத்தாட்சி இல்ல திரும்பி வந்த கவர், உள்ளாட்சி மனு நம்பர்கள், நோட்டீஸ் நகல், ஆர்டிஐ பதில் வந்திருந்தா அதுவும், லேப் ரிப்போர்ட், கையெழுத்துப் பட்டியல், உங்க ஆதார் ஜெராக்ஸ். மூணு செட். தாசில்தார், விஏஓ வழியா ரிப்போர்ட் கேப்பாங்க, விஏஓ வர்ற அன்னைக்கு நீங்க வீட்ல இருந்தே ஆகணும், லீவு போடுங்க. எனக்கு மனு குடுத்ததுல இருந்து உத்தரவு வர்றதுக்கு 70 நாள் ஆச்சு. ஃபைல் அதுவா நகராது, பத்து நாளைக்கு ஒருதடவ போயி தலையக் காட்டணும்.

8. வக்கீல் எப்போ

உத்தரவு கையில வந்ததும் ஒரு வக்கீல் நோட்டீஸ் விட்டேன், 2,500 ஆச்சு, அதுக்குத்தான் அமெரிக்காவுல இருந்து மூத்தவர் மொத தடவையா ஃபோன் பண்ணாரு, ராத்திரி ஒரு மணிக்கு. சிவில் கேஸ் போடறதுன்னா வருஷக்கணக்கு, நான் போகல. காசு இல்லன்னு பின்வாங்க வேண்டாம், மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுல பெண்களுக்கு வருமானம் பாக்காமயே இலவச வக்கீல் உண்டு, அதனால மனுவெல்லாம் ஆரம்பத்துல இருந்தே வீட்டம்மா பேர்லயும் சேத்துப் போடறது புத்திசாலித்தனம். விவரத்துக்கு 15100. உள்ளாட்சியே துப்புரவு வேலைய செய்யலங்குறது புகார்னா நிரந்தர லோக் அதாலத்துலயும் போகலாம், கோர்ட் ஃபீ கிடையாது.

9. சுத்தம் பண்ற அன்னைக்கு

கடைசியில ரெண்டாமவரே வந்து பூட்டத் திறந்தாரு. பூட்டு துரு ஏறி வரல, அறுத்தாங்க. இந்த நாளுக்கு ஓனரோ அவர் எழுதிக்குடுத்த ஆளோ கண்டிப்பா இருக்கணும், உள்ள இருக்குற பாத்திரம் பண்டத்த அவங்க முன்னாடி வீடியோ எடுத்துட்டுதான் ஆள இறக்கணும். ஜேசிபிக்கு கேட் அகலம் பத்தல, நாலு ஆள், ரெண்டு நாள், ரெண்டு டிராக்டர் லோடு, மொத்தம் 11,400, அவங்க குடுத்தாங்க. ஆளுங்களுக்கு பூட்ஸும் கையுறையும் இல்லாம விடாதீங்க, எலி மூத்திரம் கலந்த சகதியில எலிக்காய்ச்சல் வரும், மறைஞ்சிருக்குற பாம்பும் அங்கதான் இருக்கும். சம்பு தண்ணிய இறைச்சா மட்டும் போதாது, சுவர பிரஷ் வச்சு தேய்க்கணும், டெங்கு கொசு முட்ட காஞ்ச செவுத்துல மாசக்கணக்குல உயிரோட ஒட்டிக்கிட்டு இருக்கும், அடுத்த மழைக்கு பொரிக்கும். தேய்ச்சுட்டு சிமெண்ட் ஸ்லாப் போட்டு மூடுங்க, இரும்பு மூடி போட்டா அடுத்த வாரமே பழைய இரும்புக் கடையில இருக்கும்.

என் கைக்காசுன்னு பாத்தா தபால், ஜெராக்ஸ், பஸ், ஷேட் நெட், நோட்டீஸ் எல்லாம் சேத்து 4,900 சொச்சம், லீவு ஒன்பது நாள்.

போறதுக்கு முன்னாடி ஓனர்கிட்ட ஒரு வெள்ளைத்தாள்ல எழுதி வாங்கிருங்க, கேட் சாவி உங்ககிட்ட இருக்கட்டும், தண்ணி தேங்கினா பாக்கவும் புல் வெட்டவும் மட்டும் உள்ள போகலாம்னு, ரெண்டு சாட்சி கையெழுத்தோட. எங்க வீட்டு பிரிட்ஜ் மேல அந்த சாவி தொங்குது. ஆவணி கடைசியில ஒருதடவ, தீபாவளிக்கு முன்னாடி ஒருதடவ போயி மாடி டேங்க கவுத்துப் போட்டுட்டு, சன்ஷேட பெருக்கித் தள்ளிட்டு, போட்டோ எடுத்து அந்த வீட்டு வாரிசுங்க மூணு பேரும் இருக்குற வாட்ஸப் குரூப்ல போட்டுருவேன். ரெண்டாமவர் பாத்ததும் கட்டைவிரல் போடுவாரு. தங்கச்சி இன்னும் பாக்கல.